அத்தை வாங்கிய போஞ்சிப் புத்தகம்

அப்பாவின் தங்கை கொழும்பிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வயதில் ஒரு சிங்களக் குடும்பத்துக்குச் சமைக்கப் போனவள் அவள். அந்த வீட்டுப் பெரியம்மா கண்ணை மூடியதும், பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அத்தை நோட்டன் பிரிட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் நனைந்துகொண்டே மேட்டில் ஏறி வந்தாள்.

எங்கள் வீடு ஒரு காம்பராவும் ஒரு குசினியும்தான். இருந்த நாலு பேரோடு ஐந்தாவதாக அத்தையும் சேர்ந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். படுக்கையில் தம்பியின் கால் என் முகத்துக்கு வராமல் நடுவில் அத்தை படுத்துக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் யோசனை. தங்கை சும்மா இருந்தால் ஊர் பேசும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தோட்டத்துல பேர் பதிஞ்சிரும்மா. கணக்கப்பிள்ளைக்கிட்ட நான் பேசுறேன். அண்ணியோட சேந்து கொழுந்து எடுக்கப் போயிட்டு வா."

"நான் கொழுந்து எடுக்க மாட்டேண்ணே" என்றாள் அத்தை. "பின்னால கெடக்குற துண்டுல மரக்கறி போடப் போறேன்."

லயத்துக்குப் பின்னால் எங்கள் பங்குக்கு ஒரு சரிவு இருந்தது. மானாப்புல் மண்டிய, நடுவில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்த இடம். அப்பா அதில் மாட்டுப்பட்டி கட்டுவதாகப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடு இன்னும் வந்திருக்கவில்லை. ஆனாலும் இல்லாத மாட்டின் இடத்தைத் தங்கை கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அத்தைக்குக் கரட்டைப் பூவாக வெட்டத் தெரியும், அந்தக் கரட் மண்ணுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று தெரியாது என்றார்கள். அது உண்மைதான். அத்தை மண்வெட்டியைத் தேங்காய் துருவும் பிடியில் பிடித்தாள். கடைசியில் அப்பா ஒரு தவணை கொடுத்தார். தைப்பொங்கலுக்குள் அந்தத் துண்டு ஏதாவது காய்த்தால் சரி. இல்லையென்றால் பேர் பதிய வேண்டும்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டு மாமா போஞ்சி என்கிற பீன்ஸ் போடுவதில் பேர் வாங்கியவர். அத்தை முதலில் அவரிடம்தான் போய்க் கேட்டாள். அவர் அத்தையின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, வெகுநேரம் பார்த்து, "அதெல்லாம் கைராசிம்மா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். வளர்பிறையில்தான் விதைக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். தேய்பிறையில்தான் என்று அவள் மாமியார் சொன்னாள். அத்தைக்கு அலுத்துப் போயிற்று.

"ஊர்ல ஆளுக்கொரு வாய். புஸ்தகத்துக்கு ஒரு வாய்தான். வா, அட்டன் போய்ட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. அத்தை மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் வகுப்பில் மூச்சுவிடாமல் வாசிப்பவள்.

அட்டன் பஸாரில் இருந்த அந்தக் கடையில் கொப்பிகள், சாமி படங்கள், ஊதுபத்தி, பாடப்புத்தகம் எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்கும். நெற்றி நிறையத் திருநீறோடு இருந்த முதலாளி, மரக்கறிப் புத்தகம் என்றதும் பின்னால் போய் நாலைந்து புத்தகங்களைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

எனக்கு முதலாவதைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. தடித்த அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர்ப்படம். அட்டையில் இருந்த தக்காளியில் ஒரு பல்லி முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. "இதுதான் அத்தை" என்றேன்.

"படி பாப்போம்."

படித்தேன். உங்கள் மொட்டைமாடியில் நல்ல வெயில் விழும் மூலையைத் தேர்ந்தெடுங்கள் என்று ஆரம்பித்தது. அத்தை என்னைப் பார்த்தாள். எங்கள் லயத்தின் தகரக் கூரையும் அது காற்றில் பறக்காமலிருக்க மேலே தூக்கி வைத்திருந்த கற்களும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முதலாளியும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டாவது புத்தகம் ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது. காலையிலும் மாலையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றச் சொன்னது. எங்கள் பக்கம் ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று அந்தப் புத்தகத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளுத்த துணி அடுப்புக்கு மேலே கிடந்தும் காயாத மாதம் அது.

"மொதலாளி, இங்க தண்ணிய ஊத்துறதா, வடிக்கிறதா?" என்று கேட்டாள் அத்தை.

"எல்லாம் இந்தியாவுல இருந்து வர்ற புஸ்தகம்மா. அவங்க மண்ணுக்கு எழுதுறாங்க. அவங்களக் குத்தம் சொல்ல ஏலாது" என்றார் அவர்.

மூன்றாவது, ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவர்களுக்கு எழுதியது. உழவு மிஷினில் தொடங்கி மருந்து அட்டவணையில் முடிந்தது. அத்தை அதை மரியாதையாக மூடி ஓரத்தில் வைத்தாள்.

கடைசியாகக் கிடந்தது ஒரு மெல்லிய புத்தகம். மங்கலான தாள், கோட்டுப் படங்கள். முதலாளி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போனார். "அது சிங்களம்மா. தவறிக் கலந்திருச்சு. தமிழ்லயும் இருந்துச்சு, முடிஞ்சு போச்சு. எப்ப வருமுன்னு தெரியாது."

அத்தை அதற்குள் அதைப் பிரித்துவிட்டாள். ஒரு படத்தில் ஒரு பெண் சரிவில் நின்றுகொண்டு கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து வரும் தண்ணீர் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு வடிகானுக்குள் போவதை அம்புக்குறி காட்டியது. அத்தை பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பின்பாதி முழுக்கக் கெட்டுப்போன செடிகளின் படம். ஓட்டை விழுந்த இலை, சுருண்ட இலை, வெடித்த கிழங்கு, கழுத்து ஒடிந்து விழுந்த நாற்று.

"இது ஒரே சீக்குப் புஸ்தகமா இருக்கு அத்தை" என்றேன் நான்.

"அடியே, நல்லா காச்ச படத்த வச்சு நான் என்ன செய்ய? நல்லா காச்சா எனக்கே தெரியும். கெட்டுப்போனாத்தான் கேக்கணும்" என்றாள்.

ஆனால் யார் படிப்பது? அத்தைக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்கோ பள்ளிக்கூடத்தில் சிங்கள எழுத்தெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அத்தை ஒரு வரியில் விரலை வைத்து, "எழுத்த மட்டும் சத்தமா சொல்லு" என்றாள். நான் தட்டுத்தடுமாறி வாசித்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அத்தையின் முகம் மலர்ந்தது. "அட, மேட்டுல போட்டா குறுக்காலதான் பாத்தி கட்டணுமாம்!" என்றாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பளபளத் தக்காளி கிடைக்காத கோபத்தில் நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தேன். அத்தை வாங்கிக் கொடுத்த உளுந்து வடையை மட்டும் மறுக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து நான் வாசிக்க, அத்தை கேட்பது வழக்கமாயிற்று. என் குரல் வழியாக, எனக்கே தெரியாத விஷயங்கள் அத்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் 'மாலு மிரிஸ்' என்று வந்தது. மாலு பான் என்றால் மீன் வைத்த பணிஸ் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மீனையும் மண்ணில் நட வேண்டுமா என்று கேட்டேன். அத்தை சிரித்துச் சிரித்து, "கறிமிளகாடி அது" என்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு நாள் நான் ஒரு குறிலை நெடிலாக இழுத்துவிட்டேன். சிங்களத்தில் அப்படி இழுத்தால் சுண்ணாம்பு என்ற சொல் பல்லியாகிவிடும். தேயிலை நின்ற மண் புளிப்பாக இருக்கும், ஆகவே அதில் பல்லிகளைத் தூவிக் கிளறிவிட வேண்டும் என்று அத்தைக்குக் கேட்டது. அன்று சாப்பிடும்போதெல்லாம் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் திரும்ப வாசித்தபோதுதான் பல்லிகள் தப்பின.

தீபாவளிக்கு முன்னால் போஞ்சி ஊன்றினோம். முளைத்து இரண்டு இலை விட்டபோது, அத்தை காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தீபாவளி முடிந்ததும் மழை பிடித்தது. மழை விட்ட பிறகு பார்த்தபோது நாற்றெல்லாம் கழுத்து ஒடிந்து மண்ணோடு கிடந்தது.

வேலை முடிந்து வந்த அப்பா பாத்திக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திட்டவில்லை. "போதும்மா. கொழுந்து எடுக்குறது ஒன்னும் கேவலம் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

"கேவலம்னு நான் சொல்லலண்ணே" என்றாள் அத்தை. குசினிக்குள் போய் அடுப்பை ஊதினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பைத்தான் ஊதினாள்.

அம்மாதான் என்னிடம் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொழுந்துக்கறை படிந்த விரலால் பின்பாதியைத் தள்ளி, கழுத்து ஒடிந்த நாற்றின் படத்தைக் காட்டி, "இதுதான கெடக்கு வெளிய? இதுல என்னா எழுதியிருக்குன்னு அத்தைக்குச் சொல்லு" என்றாள். நான் குசினி வாசலில் நின்று வாசித்தேன். அத்தை ஊதுவதை நிறுத்தினாள். வேரடியில் தண்ணீர் தேங்கினால் இப்படி ஆகும். அது விதையின் குற்றமில்லை. பாத்தியை உயர்த்து, கானை ஆழமாக்கு, மறுபடி ஊன்று. அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான் இருந்ததாம்.

மறுநாள் அத்தை கான் வெட்ட இறங்கினாள். தண்ணீர் வடிய வேண்டிய வழியில் அந்தப் பாறை குறுக்கே நின்றது. சுற்றிச் சுற்றி வெட்டிப் பார்த்தாள். முடியவில்லை. அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்தார். உள்ளே போய் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். "தள்ளு" என்று ஒரே வார்த்தை. பாறையின் அடியில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். அத்தையும் அம்மாவும் தோள் கொடுத்தார்கள். நானும் தம்பியும் சத்தம் கொடுத்தோம். பாறை முனகிக்கொண்டு புரண்டு, கானுக்குக் கரையாக உட்கார்ந்துகொண்டது.

பொங்கலுக்கு முதல் வாரம் போஞ்சி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கடைசி வீட்டு மாமா வேலியோரம் வந்து பார்த்துவிட்டு, அத்தையின் கையை அன்றைக்கே தான் சரியாகக் கணித்ததாகச் சொன்னார். பொங்கலன்று அத்தை போஞ்சியைத் தேங்காய்ப்பூ போட்டு வறுத்து வைத்தாள். அப்பா தவணைப் பேச்சை எடுக்காமல் இரண்டு தரம் போட்டுக்கொண்டார்.

பொங்கல் கழிந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போன அப்பா, கணக்கப்பிள்ளையிடம் பேர் பதியச் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் தோளில் ஒரு கட்டு மூங்கில் கம்போடு வந்தார். அத்தையின் முன்னால் அதை இறக்கிவிட்டு, "மேல அந்த மூலையிலயும் ஒரு பாத்தி வரும்ல?" என்று கேட்டார். மாட்டுப்பட்டியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது. எனக்கு ஒரே ஒரு குறைதான். போஞ்சி காய்த்த பிறகும் அத்தை என்னை விடவில்லை. அதே போஞ்சிப் பக்கத்தைத் தினமும் வாசிக்கச் சொன்னாள். ஊன்றி, காய்த்து, பறித்து, தின்றும் ஆகிவிட்டது. இன்னும் அதில் என்ன இருக்கிறது? அத்தை பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்க வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே வருவாள். "மெதுவா, மெதுவா" என்பாள். வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். எனக்குக் கால் பரபரக்கும்.

ஒருநாள் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடலாம் என்று நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். அத்தையின் விரல் என்னோடு வரவில்லை. நான் விட்ட வரியின் முதல் எழுத்திலேயே நின்றது.

"ஒரு வரிய விட்டுட்டடி" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. குசினிக்கு ஓடிப் போய் அம்மாவிடம் முறையிட்டேன். "அத்தைக்குத்தான் எல்லாம் மனப்பாடமா தெரியுதே! பெறகு எதுக்கும்மா என்னையப் போட்டுக் கொல்றாங்க?"

அம்மா ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டு இஸ்தோப்புப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அத்தை குனிந்து, உதடு அசைய, அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைக் கூப்பிடவில்லை. என் கையில் சூடான ரொட்டி ஒன்றைக் கொடுத்து, "நீ போய் விளையாடு. அத்தை பாத்துக்குவாங்க" என்றாள்.

விடுதலை கிடைத்த சந்தோஷத்தில், நான் எதையும் கேட்காமல் ஓடிவிட்டேன்.