கமாண்டர் பிடித்த பாறை

கடற்படையில் பதக்கம் வாங்கியவள் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தச் சண்டையில?" என்பதுதான். "ஒரு பாறையோட" என்பாள் கமாண்டர். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு சிரித்துவிடுவாள். இருபத்தெட்டு வருட வேலையில் அவள் யாரைப் பார்த்தும் துப்பாக்கியை நீட்டியதில்லை. அவள் கையில் எப்போதும் இருந்தது நன்றாகச் சீவிய பென்சில்.

அவள் வேலை பார்த்தது அளவைக் கப்பலில். கடலுக்கு அடியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளந்து படம் போடுகிற பிரிவு. பீரங்கிக் கப்பல்காரர்களுக்கு இந்தப் பிரிவு என்றாலே ஓர் இளக்காரம். "என்ன மேடம், கடலுக்கு இடுப்பளவு எடுத்தாச்சா? எப்ப தைச்சுக் குடுப்பீங்க?" என்று சாப்பாட்டு அறையில் வம்புக்கு இழுப்பார்கள். "எடுத்தாச்சு சார். உங்க கப்பல் நேத்து தரை தட்டாம வந்து சேர்ந்ததே அந்த அளவுலதான்" என்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வாள்.

பிடிவாதம் பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஆறு மேட்டை நோக்கி ஓடுகிறது என்று டீச்சரோடு மல்லுக்கட்டி, ஒரு பாடவேளை முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றவள். பல் டாக்டரான அவள் கணவன், "என்கிட்ட வர்ற கடவாப்பல்லுகூட இவ்வளவு அடம் பிடிக்காது" என்று அவள் எதிரிலேயே விருந்தாளிகளிடம் சொல்வான். அவளுக்கு அதில் பெருமை.

பாறை விவகாரம் நடந்தபோது அவள் இன்னும் கமாண்டர் ஆகவில்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்தாள். இப்போதுபோல வானத்திலிருந்து இடம் சொல்லும் கருவி எல்லாம் அப்போது கிடையாது. சின்ன மோட்டார் படகில் போக வேண்டும். படகின் அடியில் ஒரு கருவி சத்தத்தை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து ஆழத்தைக் காகிதச் சுருளில் கோடாக இழுத்துக்கொண்டே வரும். ஆழம் சரி, படகு இருக்கும் இடம்? அதற்குக் கரையில் தெரியும் மூன்று அடையாளங்களைப் பிடித்து, அவற்றுக்கு நடுவே உள்ள கோணங்களை அளந்து, படத்தில் புள்ளி வைக்க வேண்டும். அந்தத் துறைமுகத்தில் அவள் பிடித்துக்கொண்டது கலங்கரை விளக்கம், ஆலைப் புகைபோக்கி, வானொலிக் கோபுரம்.

அன்று பிற்பகல் தூறல் பிடித்து வானொலிக் கோபுரம் மறைந்துவிட்டது. குன்றின் மேல் ஒரு வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிந்தது. பழைய படத்திலும் தொட்டி இருந்தது. சரி என்று அதை மூன்றாவது அடையாளமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். முப்பது மீட்டரில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்த கோடு விருட்டென்று மேலே ஏறியது. இரண்டு மீட்டர். உடனே ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி முப்பது.

"மேடம், நமக்குக் கீழ ஏதோ போச்சு" என்றார் படகு ஓட்டுகிறவர். மீசை என்றுதான் கப்பலில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"போகல மீசை, அங்கேயே இருக்கு. நாமதான் போறோம். திருப்புங்க."

திருப்புவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கரையே தெரியவில்லை. அவள் அந்தக் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, படத்தில் பாறைக்கு ஒரு சிலுவைக் குறி போட்டாள். மறுநாளே கப்பலை வேறு கடலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு அளவைக் கப்பல் போய் அந்தக் குறியைச் சுற்றி வலைபோட்டுத் தேடாத குறையாகத் தேடியது. ஒரு கூழாங்கல்கூட இல்லை. அவ்வளவுதான், அலுவலகத்தில் அவளுக்கு 'மீன்பாறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் பார்த்தது மீன் கூட்டமாம். பாறை நீந்திப் போய்விட்டதாம்.

பிரிவின் தலைமை அதிகாரி அவளைக் கூப்பிட்டு மேசை மேல் ஒரு தாளை வைத்தார். எதிர்த் தீவுக்குப் புதுப் பயணிகள் படகு விடப்போகிறார்கள். முந்நூறு பேர் ஏறலாம், மூன்று மீட்டர் தண்ணீருக்குள் அமிழும் படகு. அதற்குப் போட நினைக்கும் நேர்ப்பாதை அந்தச் சிலுவைக் குறியின் ஓரமாகப் போகிறது. பாறை இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டால் குறியை அழித்துவிட்டு அந்தப் பாதையையே வைத்துக்கொள்ளலாம்.

"உங்க பதவி உயர்வுக் கோப்பும் என் மேசையிலதான் இருக்கு" என்றார் அவர். மிரட்டுகிற மனிதர் இல்லை. நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். "இல்லாத பாறையைப் பிடிச்சிட்டுத் தொங்குறாங்கன்னு எழுதினா மேல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"இல்லாததை நான் வரையல சார். கோடு ஏறினதை இந்தக் கண்ணால பார்த்தேன்."

"கண்ணு சரி. பாறை எங்க?"

தேடிப் பார்க்க ஒரு வாரம் கேட்டாள். கொடுத்தார்.

துறைமுகத்துக்குத் திரும்பி வந்தாள். தங்கியது நாத்தனார் வீட்டில். கணவனின் அக்கா, இரண்டாவது மாடியில் குடியிருப்பவள், வாயைத் திறந்தால் மூடுவதற்குத் தனியாக ஆள் போட வேண்டும். நாலு நாள் மீசையோடு போய்ச் சுற்றியும் பாறை தண்ணி காட்டியது. ஐந்தாம் நாள் காலை அவள் நாத்தனாரின் சமையலறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டால் முந்நூறு பேர் காலுக்குக் கீழே அந்தப் பாறை.

நாத்தனார் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாரு, அருவி மாதிரி கொட்டுது! முன்னெல்லாம் இந்த மாடிக்கு ஒரு சொட்டு ஏறாது. வாளியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு. புதுத் தொட்டி கட்டினாங்க பாரு, அதுக்கப்புறம்தான் நான் மனுஷியானேன்."

"எந்தத் தொட்டி அண்ணி?"

"குன்று மேலதான். பழசு ஒழுக ஆரம்பிச்சதும் இடிச்சுட்டு, அந்தப் பக்கமா உச்சியில கட்டினாங்களே. மூணு வருஷம் ஆச்சு. அதே வெள்ளை, அதே உருண்டை. எங்க வீட்டுக்காரர்கூட ரொம்ப நாள் பழைய தொட்டின்னே நினைச்சிட்டிருந்தாரு."

கமாண்டர் நாற்காலி விழுவதுகூடத் தெரியாமல் எழுந்தாள். படத்தில் இருந்தது இடித்த தொட்டி. அவள் கோணம் பிடித்தது புதுத் தொட்டி. புள்ளி எல்லாம் தள்ளிப் போயிருக்கிறது! பாறை நீந்தவில்லை, அவள்தான் அதை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். புது அடையாளத்தைச் சரிபார்க்காமல் தொடக்கூடாது என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்கு வருடா வருடம் பாடம் எடுத்தவளே அவள்தான். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததில் என்ன செய்வதென்று தெரியாமல், சோப்பு நுரையோடு இருந்த நாத்தனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னடி ஆச்சு உனக்கு? தொட்டிக்கா இவ்வளவு?" என்றாள் நாத்தனார்.

அன்றே குன்றில் ஏறிப் புதுத் தொட்டியின் இடத்தை அளந்தாள். சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து, அன்றைய கோணங்களை எடுத்து மறுபடி புள்ளி வைத்தாள். பாறை அரை கிலோமீட்டர் நகர்ந்தது. நகர்ந்த இடத்தைப் பார்த்ததும் தலைமை அதிகாரி கொடுத்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதுப் படகின் பாதைக்கு நட்டநடுவில் இருந்தது.

மறுநாள் இரண்டு படகுகள். நடுவில் தண்ணீருக்குள் மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு நீளக் கம்பி. இரண்டும் பக்கம் பக்கமாகப் போனால், கீழே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் கம்பியில் மாட்டும். முதல் தடவை மாட்டவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மீசை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே படகைத் திருப்பினார். மூன்றாவது தடவை கம்பி விறைத்து, படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கம்பி மாட்டிய இடத்துக்கு மேலே படகைக் கொண்டுபோனதும் காகிதத்தில் கோடு விருட்டென்று ஏறி இரண்டு மீட்டரில் நின்றது.

"மாட்டிக்கிச்சு மேடம்!" என்று மீசை குதித்த குதியில் படகு கவிழாதது அதிர்ஷ்டம். கமாண்டர் அழுதாள், சிரித்தாள், பிறகு பென்சிலை எடுத்து இடத்தை மூன்று தடவை சரிபார்த்தாள்.

அறிக்கையில் முதல் பக்கத்தில் பாறை, இரண்டாம் பக்கத்தில் தன் தப்பு. எதையும் பூசி மெழுகவில்லை. தலைமை அதிகாரி இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பாறையையும் பிடிச்சுக் குடுத்துட்டீங்க, உங்களையும் பிடிச்சுக் குடுத்துட்டீங்க. நான் திட்டறதா, பாராட்டறதா?"

"ரெண்டும் பண்ணுங்க சார். திட்டறதை முதல்ல முடிச்சிடுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். திட்டு அன்றே கிடைத்தது. பதவி உயர்வும் பதக்கமும் அடுத்த வருடம் சேர்ந்து வந்தன. பதக்கம் குத்தும் விழாவில் நாத்தனார் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அட்மிரல் மனைவியிடம் தண்ணீர்த் தொட்டியின் வரலாற்றை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டாள்.

புதுப் படகு ஓடத் தொடங்கிய மாதம் கமாண்டரும் நாத்தனாரும் அதில் தீவுக்குப் போனார்கள். உட்கார இடமில்லாத கூட்டம். பாதி தூரத்தில் படகு பாறைக்கு அடையாளமாக மிதக்கவிட்ட சிவப்பு மிதவையைக் கண்டு வேகத்தைக் குறைத்து, பெரிதாக வளைந்து சுற்றிக்கொண்டு போனது. எதிர் பெஞ்சில் குடும்பத்தோடு இருந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "நேரா போனா என்னவாம்? தினமும் பத்து நிமிஷம் தண்டம். எந்த மகராசன் இப்படி வளைச்சு விட்டானோ!"

கமாண்டர் சட்டென்று நாத்தனார் கையைப் பிடித்தாள். பிடித்து என்ன பிரயோஜனம்? நாத்தனார் எழுந்தே நின்றுவிட்டாள்.

"மகராசன் இல்ல, மகராசி! அடியில பாறை இருக்குய்யா. அதைக் கண்டுபிடிச்சது இதோ, எங்க வீட்டுப் பொண்ணு!"

அந்த மனிதர் கமாண்டரை மேலும் கீழும் பார்த்தார். தோளில் தூங்கிய குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "கண்டுபிடிச்சீங்க, சரி. கையோட அதைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாதாம்மா?"

படகே சிரித்தது. குழந்தை மட்டும் எழவில்லை. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது கமாண்டர்தான். பாறையைப் பத்திரமாகத் தாண்டி வந்து பத்து நிமிஷத்துக்காகச் சண்டை போடுகிற அந்த மனிதரை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.