தடுப்புக்குப் பின்னால் இருந்த கை

அந்த லோஞ்சியை, பர்மியக் கைலியை, மடித்தது ரோபோ அல்ல. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அது எனக்குத் தெரியும். தெரிந்தே, ரோபோ தானாக மடித்தது என்று எழுதிக் கொடுத்தேன். பபேடானில் அந்த ஆய்வகத்தின் சுவரில், பின்னால் விளக்கு எரியும் பலகையில், ‘எங்கள் வரலாறு’ என்று இன்றும் அதுதான் இருக்கிறது. மின்சாரம் போனால் வரலாறும் அணைந்துவிடும். பாதி நாள் அணைந்துதான் கிடக்கிறது.

வீட்டு வேலைக்கு ரோபோ செய்யப் போவதாக இரண்டு இன்ஜினியர்கள் துணிக்கடைக்கு மேலே ஓர் அறையை எடுத்தார்கள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, தின்கன்ஜூன் வீட்டில் சும்மா இருந்த என்னை ஆலோசகர் ஆக்கினார்கள். ஆலோசனை கேட்டதாக நினைவில்லை. விருந்தினர் வந்தால் காட்ட ஒரு நரைத்த தலை வேண்டியிருந்தது.

முதல் ஆண்டு முழுக்க எரிச்சல்தான். கோப்பையை எடு என்றால் அது மேசையைத் தள்ளும். பாதி வேலையில் மின்சாரம் போய்க் கை அந்தரத்தில் நிற்கும். ஜெனரேட்டரைப் போட்டால் புகை வருகிறதென்று துணிக்கடைக்காரர் மாடியேறி வந்து கத்துவார். கரண்ட் வந்ததும் தெருவே ‘மீ லாபி!’, விளக்கு வந்தாச்சு, என்று கூவும். நாங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். ஒரு துண்டை மடிக்க வைக்க ஒரு மாதம் போராடினோம். அது துண்டைக் கசக்கிப் போட்டது.

அந்தப் பெண் லைங் தாயாவிலிருந்து வந்தவர், தமிழர். ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கும் வேலை பார்த்தவர். அங்கே ஆள் குறைத்தபோது எங்களிடம் கூட்டவும் டீ போடவும் வந்தார். ஒரு நாள் எங்கள் கூத்தைப் பார்த்துப் பொறுக்காமல், “சயா, அதக் கொஞ்சம் குடுங்க. நீங்க துணியத் தொவைக்கிறீங்களா, மடிக்கிறீங்களா?” என்று ரோபோவின் கையை இயக்கும் கன்ட்ரோலரைக் கையில் வாங்கினார். ஆசிரியராக இருந்த ஒருவரை இங்கே சயா என்றுதான் அழைப்பார்கள்.

இரண்டாவது முயற்சியில் ரோபோவின் கை துண்டின் முனையைப் பிடித்தது, உதறியது, நான்காக மடித்தது. பிறகு தினமும் அவர் கன்ட்ரோலரைப் பிடித்து மடித்தார்; ஒவ்வோர் அசைவையும் கணினி பதிந்துகொண்டது. அந்தப் பதிவுகளிலிருந்துதான் ரோபோ கற்றது. உண்மையான வரலாறு இவ்வளவுதான்.

நிதி கொடுக்கிறவர்கள் பார்க்க வந்த நாளில் ரோபோ இன்னும் அரைகுறையாகத்தான் கற்றிருந்தது. அதனால் அவரைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தோம். லோஞ்சி அழகாக மடிந்தது. “தானாகவே செய்கிறதா?” என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் என் நரைத்த தலையைப் பார்த்தார்கள். “ஆமாம்” என்றேன்.

அந்தப் பொய் தேவையே இல்லை என்பதுதான் இன்றும் என் ஆத்திரம். மனிதர் ஓட்டிக் காட்டி ரோபோவுக்குக் கற்றுக் கொடுப்பது உலகம் முழுக்க நடப்பது; வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. துடைப்பம் பிடித்தவர் எங்களுக்கு வழி காட்டினார் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

நிதி வந்தது. அறை விரிந்தது, பக்கத்து அறைகளில் மூன்று சின்ன கம்பெனிகளை வளர்க்கும் இடமாகவும் ஆனது. ரோபோ நன்றாக மடிக்கக் கற்றதும் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தூரத்திலிருந்து ரோபோக்களை இயக்கிப் பழக்க, பாங்காக்கில் ஒரு கம்பெனி ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, என்னிடம் அனுபவக் கடிதம் கேட்டு வந்தார். உண்மையை எழுதினால் சுவரில் இருப்பது பொய்யாகிவிடும். ‘துப்புரவுப் பணியில் நேர்மையானவர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். “ரோபோவுக்கு மட்டும் நல்ல லெட்டரா எழுதி செவுத்துல மாட்டிட்டீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாங்காக் வேலை கிடைக்கவில்லை. பழையபடி தொழிற்சாலையில் சட்டை மடிக்கப் போனார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. பல மாதம் கழித்து, இயக்குநராகிவிட்ட இன்ஜினியரிடம் பலகையை மாற்றச் சொன்னேன்.

“சயா, பெயிண்ட்ல எழுதினதா அழிக்க? புது விளக்கு போட்டு மாட்டியிருக்கோம்.”

“விளக்கு நல்லாத்தான் இருக்கு. எழுதினதுதான் பொய்.”

“எழுதினது நீங்கதானே?”

நடந்ததை இரண்டு பக்க அனுபவக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு, பஸ் ஏறி லைங் தாயா போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே படித்தார்.

“அவங்க கேட்டப்ப ஒரே வார்த்தையில முடிச்சீங்க. இப்ப ரெண்டு பக்கமா?” என்றார். “மொதல்ல மடிச்சது லோஞ்சின்னு போட்டிருக்கீங்க. துண்டு சயா. லோஞ்சி அப்புறந்தான். மாத்துங்க.”

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அந்தக் கடிதத்தோடு அவர் மறுபடியும் விண்ணப்பித்தார். பாங்காக் கம்பெனிக்காரர்கள் ஆய்வகத்தை விசாரித்தார்கள். ‘துப்புரவுப் பணியாளர்’ என்று பதில் போனது. அதோடு முடிந்தது.

அடுத்த முறை விருந்தினர் வந்தபோது இயக்குநர் பலகையைப் படித்துக் காட்டினார். நான் எழுந்து, “அது பொய். எழுதியவன் நான்” என்று சொல்லி, யார் மடித்தார் என்பதையும் சொன்னேன். இனி வரவேண்டாம் என்று மறுநாள் தகவல் வந்தது.

ஆனால் அன்று அங்கே நின்று கேட்டவர்களில் பக்கத்து அறைக் கம்பெனிக்காரப் பெண் ஒருவர் இருந்தார். நோயாளிகளுக்கு உணவூட்டும் கை ஒன்றைச் செய்து, சோற்றைச் சிந்தாமல் எடுக்க வைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தவர். அவர் என்னிடம் மடித்தவரின் போன் நம்பர் வாங்கி, லைங் தாயாவுக்குப் பேசினார். வருகிறேன், ஆனால் தடுப்புக்குப் பின்னால் உட்கார மாட்டேன் என்று மடித்தவர் சொன்னாராம். இப்போது வாரம் மூன்று நாள் அங்கே எல்லார் கண் முன்னாலும் அந்தக் கைக்குக் கற்றுக் கொடுக்கிறார். மீதி நாள் தொழிற்சாலைதான்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பலகையை மாற்றினார்களா என்று போன மாதம் போனில் விசாரித்தேன்.

“எங்க மாத்துறது? தெனம் அதத் தாண்டித்தான் போறேன்” என்றார். “கரண்ட் போனா நல்லாருக்கு சயா. எழுத்து தெரியாது.”