குடை – ஒன்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு மழைக்காலத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலையில், அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். கணிதத்தையும் கணினியியலையும் ஆராயும் நிறுவனம் அது. மாடியில் கணிதத்தார் இருந்தனர். தரைத்தளத்தில் கணினித்துறையினர் இருந்தனர். இரு தரப்பாருக்கும் பொதுவாக, மாடிப்படிக்கு அடியில், குனிந்துதான் நுழைய வேண்டிய, ஆனால் உள்ளே நெடுக நீளும் பண்டக அறை ஒன்று இருந்தது. நிறுவனத்தின் ஆய்விதழில் பிழை திருத்துவது என் வேலை. அந்த அறையைக் காப்பது அவர் வேலை.

மணி ஐந்தரை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் குடை இல்லை. வாசலில் நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"குடை வேணுமாம்மா? எடுத்துக்கிட்டுப் போங்க."

"யாரோட குடைங்க?"

"யாரோடதா இருந்தா என்ன? கறுப்புக் குடை எல்லாமே ஒண்ணுதான். இன்னிக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க, நாளைக்கு ஒண்ணு கொண்டாந்து வெச்சிடுங்க. இதே குடையா இருக்கணும்னு இல்ல. குடையா இருந்தாப் போதும்."

கதவுக்குப் பின்னாலிருந்த தாங்கியில் பத்துப் பன்னிரண்டு குடைகள் சொருகப்பட்டிருந்தன. அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஓரத்திலிருந்த ஒன்றை உருவி, விரித்துப் பார்த்து, மடக்கி என் கையில் கொடுத்தார். மரக் கைப்பிடியில் பல் பதிந்த தடங்கள் இருந்தன.

"இதை யாரோ கடிச்சிருக்காங்களே?"

"பொதுக் குடைன்னா நாலு பேர் கடிக்கத்தாம்மா செய்வாங்க."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, தட்டச்சுப்பொறியை மூடும் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் மழையில் நடந்து போய்க்கொண்டிருந்தார். மழையை விரும்புகிறவர் போலும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் என் அக்காள் வீட்டுப் பழைய குடை ஒன்றைக் கொண்டுபோய்த் தாங்கியில் வைத்தேன். அதில் ஒரு கம்பி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரியாப் போச்சு" என்றார். முதல் நாள் கொண்டுபோன குடை மிக நல்ல குடையாக இருந்தபடியால் அதை நானே வைத்துக்கொண்டேன். விதி அதற்கு இடம் கொடுத்தது.

அந்த விதி எப்படிப் பிறந்தது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கணித ஆய்வாளர்கள் குடையைக் கொண்டுவருவார்கள், கொண்டுபோக மாட்டார்கள். வாரந்தோறும் ஐந்து கறுப்புக் குடைகளுக்கு ஏழு பேர் உரிமை கொண்டாடிக்கொண்டு அவர் வாசலில் நிற்பார்கள். ஒரு நாள் அவர் மாடிக்குச் சாக்பீஸ் பெட்டி கொண்டுபோனார். கையொப்பத்துக்காகக் கடைசி வரிசையில் காத்திருந்தபோது, இயக்குநர் கரும்பலகையில் வகுப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எந்த வகையில் சமம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வகையில் சமமானவற்றையெல்லாம் ஒரே வகுப்பில் அடைத்துவிட வேண்டும். பிறகு வகுப்புக்கு ஒன்றைப் பிரதிநிதியாக எடுத்துக்கொண்டால் போதும், மற்றவற்றை மறந்துவிடலாம். நம்மவர் கையொப்பத்தையும் மறந்து கீழே ஓடிவந்தார். மழையைத் தடுக்கும் வகையில் குடைகள் யாவும் சமம் என்று அன்றே அறிவித்தார். சண்டை ஓய்ந்தது. மாடியார் மகிழ்ந்து அவருக்குப் பிரதிநிதி என்றே பெயரிட்டனர்.

அவர் குடையோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. தொலைந்து கிடைத்த மூக்குக் கண்ணாடிகளையும் ஒரே வகுப்பில் சேர்த்தார். அதனால் இரண்டு பேராசிரியர்கள் ஒரு வாரம் கண்ணாடி மாறி அணிந்து திரிந்தார்கள். அவர்களுள் ஒருவர் தம்முடைய கணித நிறுவலில் ஆறாண்டுகளாக ஒளிந்திருந்த பிழையைக் கண்டுபிடித்தார். அதன்பின் கண்ணாடியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். வீட்டிலும் இதே கதைதான். மூன்று மருமகன்களும் ஒன்றாக வந்திருந்த நாளில், மூத்தவரிடம் மட்டும் நலம் விசாரித்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டாராம்.

"மத்த ரெண்டு பேரும் என்ன ஆளில்லையா?" என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளைங்கிற வகையில மூணு பேரும் ஒண்ணுதானே?"

"அப்போ ராத்திரிச் சாப்பாட்டுக்கும் உங்க பிரதிநிதியையே அனுப்புங்க. நீங்க பட்டினி கிடங்க."

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பண்டக அறையிலுள்ள பொருள்கள் அனைத்துக்கும் பட்டியல் அனுப்ப வேண்டும் என்றது. அவர் அரை நாளில் முடித்துவிட்டார். நாற்காலி – ஒன்று. மேசை – ஒன்று. குடை – ஒன்று. இப்படியே அறுபத்தொரு வரிகள். எல்லாம் ஒரே தாளில் அடங்கின. இயக்குநரும் கணிதத்தார் அல்லவா? அவர் அதை இரண்டு முறை படித்தார். "இவ்வளவு சுருக்கமா ஒரு பட்டியலை நான் பார்த்ததே இல்லைய்யா" என்று நெகிழ்ந்துபோய்க் கையொப்பமிட்டார்.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. அறுபத்தொரு பொருள்களுக்கு ஓர் அலமாரி போதும். அறையைப் புதிய அச்சுப்பொறிக்கு ஒதுக்க வேண்டும். காப்பாளரை நகரின் மறுகோடியிலுள்ள கிடங்குக்கு மாற்ற வேண்டும். இவற்றை உறுதி செய்யத் திங்கட்கிழமை ஒரு சரிபார்ப்பு அதிகாரி வருவார். கடிதம் எங்கள் கையில் கிடைத்தது வெள்ளிக்கிழமை காலை.

அவர் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கடிதத்தில் மூன்று பிழைகள் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் பென்சிலை எடுக்கவில்லை.

"அந்தக் கிடங்குல எல்லாமே சீல் வெச்ச பெட்டிதானாம்மா. யாரும் வந்து எதுவும் கேக்க மாட்டாங்களாம். யாரும் எதையும் தொலைக்கக்கூட மாட்டாங்களாம். அங்க போயி நான் யார்கூடப் பேசறது?"

அவர் ஓய்வு பெற இன்னும் ஈராண்டு இருந்தது. அவரைத் தரைத்தளத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே நிரல் எழுதும் பெண் ஒருத்தி இருந்தாள். வாயாடி, ஆனால் கெட்டிக்காரி. கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், உங்க வகுப்பு வேற, எங்க வகுப்பு வேற. எங்களுக்கு வகுப்புங்கிறது ஒரு அச்சு மாதிரி. குடைன்னா என்னென்ன இருக்கணும்னு முதல்ல எழுதி வெச்சுக்குவோம். அதுலேர்ந்து எத்தனை குடை வேணும்னாலும் வார்க்கலாம். ஆனா ஒவ்வொண்ணும் தனித்தனி ஆளு."

"ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தா?"

"இருந்தாலும் ரெண்டு ரெண்டுதான்."

"அப்போ மாடியில சொன்னது பொய்யா தங்கச்சி?"

"பொய்யில்ல சார். அவங்க ஒப்பிட்டுப் பார்த்து ஒண்ணாக்கறாங்க. வர்ற ஆபீசர் ஒப்பிடவா போறாரு? எண்ணப் போறாரு. சரி, சொல்லுங்க. குடைன்னா விரியணும்."

"விரியாத குடை ரெண்டு இருக்கே."

"அப்போ 'விரியுமா'ன்னு ஒரு கேள்வி, பக்கத்துல ஆமா, இல்லை. விரிஞ்சா மடங்கணும்."

"மடங்காதது ஒண்ணு இருக்கு. அது வெளியவே நிக்குது. கதவு வழியா உள்ள வராது."

"கடவுளே! உடைஞ்ச குடைக்குத் தனி வகுப்பு வெச்சுக்கலாம் சார். அது குடைங்கிற வகுப்புலேர்ந்து பிறந்த பிள்ளை மாதிரி. அப்பாகிட்ட இருக்கறதெல்லாம் இதுக்கும் வரும்."

"வெறும் கைப்பிடி மட்டும் ஒண்ணு கிடக்குதே?"

"அது பேரன். சொத்தெல்லாம் அப்பனே அழிச்சிட்டான்."

புதிய பட்டியலுக்காக வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவர் ஒவ்வொரு பொருளாகத் தூக்கி வந்து அடையாளம் சொன்னார், அவள் தட்டினாள், சொற்பிழை வராமல் நான் பார்த்துக்கொண்டேன். நூற்று நாற்பத்து மூன்று நாற்காலிகள். அவற்றுள் நூற்று நாற்பத்திரண்டு ஆடின. ஞாயிறு பிற்பகலில் குடைகளுக்கு வந்தார். ஒவ்வொன்றையும் சன்னலோரம் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தம் பிள்ளைகளை முதன்முறையாக உற்றுப் பார்க்கும் தகப்பனைப் போல இருந்தது அது.

"நம்பர் நாலு, விரிக்கறப்போ இருமுது. எழுதிக்கோ தங்கச்சி. நம்பர் ஆறுல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா மேகம் தெரியுது. நம்பர் ஒன்பது..." என்று நிறுத்தி, என்னைப் பார்த்தார். "இது நீங்க வெச்சதும்மா. இருக்கறதுலயே மட்டம் இதுதான். கம்பி துருத்திக்கிட்டு ஆளைக் குத்துது. மூணு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

"எல்லாம் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதனாலதாம்மா சொல்லல."

பதினொன்றாவதோடு குடைகள் முடிந்தன. அவரோ தாங்கியின் அடியில் குனிந்து, கதவிடுக்கில் கையை விட்டுத் துழாவினார்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா" என்று சொல்லி, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

திங்கட்கிழமை காலை அதிகாரி மழைமூட்டத்தோடு வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், புதிய பட்டியலை வாங்கிக்கொண்டு எதையும் இரண்டு முறை எண்ணினார். நாற்காலிகள் சரியாக இருந்தன. மேசைகளும் சரியாக இருந்தன. இயக்குநர், நிரலெழுதும் பெண், நான் எல்லாரும் அந்தத் தாழ்ந்த கூரையின் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். கடைசியாக அதிகாரி குடைத் தாங்கியின் முன் நின்றார், எண்ணினார், மீண்டும் எண்ணினார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பட்டியல்ல பதினொண்ணு. இங்க பன்னெண்டு இருக்கு."

"அதிகம்தானே சார், குறையலையே?" என்றாள் நிரலெழுதும் பெண்.

"அதிகமும் தப்புதாம்மா. அப்படின்னா பட்டியலே தப்பு. அறையை விட்டுட வேண்டியதுதான்."

காப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், அதிகமா இருக்கறது உங்களோடது. வந்ததும் நீங்கதான் சொருகினீங்க."

"என்னோடதா? எது?"

"நீங்களே பாருங்க சார்."

அதிகாரி குனிந்து ஒரு குடையை உருவினார். அது ஒன்பதாம் எண்; கம்பி அவர் சட்டைக் கையைக் கிழித்தது. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார், அது இருமியது. மூன்றாவதை விரித்தபோது ஓட்டை வழியே, மேகத்துக்குப் பதில் கூரை தெரிந்தது.

"கறுப்பா இருக்கும்" என்றார், சற்றே குரல் இறங்கி.

"பன்னெண்டும் கறுப்புதான் சார்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "சரி விடுங்க. ஏதாவது ஒண்ணைக் கொடுங்க. குடைதானே, எல்லாம் ஒண்ணுதான்."

இயக்குநர் கைதட்டவே போய்விட்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். நம்மவர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்ததைத்தான் அதிகாரி சொல்லியிருந்தார். நம்மவர் ஆமாம் என்று சொன்னால் அவருடைய விதி வெல்லும். ஆனால் கூடுதலாக இருப்பது அதிகாரியுடையது என்று நிறுவ வழியிராது; பட்டியல் தப்பாகவே நிற்கும், அறை போய்விடும். காப்பாளர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தாங்கியிலிருந்து ஒன்றை உருவினார்.

"இல்ல சார். உங்களோடது இது. எங்க பதினொண்ணையும் எனக்குத் தெரியும். இதை மட்டும்தான் நான் பார்த்ததே இல்ல."

"எப்படி நம்பறது?"

காப்பாளர் குடையை விரித்தார். உள்ளே கம்பியில் ஒரு துண்டுத் தாள் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்த கையெழுத்தை அதிகாரி உடனே அடையாளம் கண்டுகொண்டார். 'இதையும் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள்' என்று எழுதியிருந்தது.

"வீட்டம்மாவோடதா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். அதிகாரி குடையை மடக்கி இடுக்கிக்கொண்டார். நின்றபடியே அறிக்கை எழுதினார்: "இவ்வறையிலுள்ள பொருள்களை வேறுபடுத்தி அறிதல் கீழே கையொப்பமிட்டவரால் இயலவில்லை. காப்பாளரால் இயன்றது. எனவே, அறையும் காப்பாளரும் இருந்த இடத்திலேயே இருக்கலாம்." அதில் திருத்துவதற்கு ஒரு பிழையும் இல்லை.

ஈராண்டுக்குப் பின் அவர் ஓய்வு பெற்றார். விடைபெறும் நாளில், பொது விதிப்படி தமக்கும் ஒரு குடை உண்டு என்று கூறி, யாரும் தொடாத ஒன்பதாம் எண்ணை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவரைப் போய்ப் பார்த்துவந்தேன். கடைசி முறை போனபோது அவர் படுக்கையில் இருந்தார். குரல் மெலிந்திருந்தது, பேச்சு மெலியவில்லை. மூன்று மருமகன்களிடமும் தனித்தனியாக நலம் விசாரிப்பதாகவும், அதனால் அவர்களுக்கே அலுப்புத் தட்டிவிட்டதாகவும் அவர் மனைவி சொன்னார். நான் எழுந்தபோது அவர் என் புடவைத் தலைப்பைத் தொட்டு நிறுத்தினார்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களேம்மா?"

"கேளுங்க."

"முதல் நாள் ஒரு குடை கொடுத்தேனே, அது ஆபீஸ் குடை இல்ல. என்னோடது. அன்னிக்கு இருந்த மத்ததெல்லாம் ஒழுகும், அதான் அதைக் கொடுத்தேன்."

அவர் மனைவி காபித் தம்ளரை நங்கென்று வைத்தார். "பல்லுத் தடம் இருந்துச்சாம்மா? எங்க கடைசிப் பொண்ணு பல்லு முளைக்கறப்போ கடிச்சது. எங்க போச்சுன்னு கேட்டதுக்கு, எல்லாக் குடையும் ஒண்ணுதானேன்னாரு இந்த மனுஷன்!"

எனக்கு அந்தத் தட்டச்சுப்பொறி உறை நினைவுக்கு வந்தது. "இத்தனை வருஷமா ஏங்க கேக்கல?"

"ஊருக்கெல்லாம் ஒண்ணுதான்னு சொன்னவன் நான். எந்த வாயால கேக்கறது?" என்றார். பிறகு கதவோரத்தில் சாய்ந்திருந்த ஒன்பதாம் எண்ணைக் கண்ணால் காட்டினார். "அடுத்த தடவை வர்றப்போ அதைக் கொண்டாந்து கொடுத்துட்டு, இதைத் தயவுபண்ணி எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா. பத்து வருஷமா குத்துது."