மைக்செட் அழைத்துவந்த ஆள்

சிறையில் அந்தக் காவலருக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். மாடியில் நின்று கூப்பிட்டால் தோட்டத்தில் களை பிடுங்குகிறவன்கூட எழுந்து நிற்பான். வீட்டிலும் அதே தொண்டைதான். "இங்க யாரும் கைதி இல்ல, மெதுவாப் பேசுங்க" என்பாள் மனைவி.

கைதிகளின் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு பெண் வந்தாள். ரெக்கார்டரை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பேனா தப்பியது.

"விருப்பம் இருக்கிறவங்க மட்டும் வந்தாப் போதும் சார்," என்றாள்.

"அதுக்கென்னம்மா," என்று மைக்செட் பட்டறை வாசலுக்குப் போனார். "டேய் தச்சா, பேட்டிக்குப் போறியா?"

தச்சன் இழைப்புளியை வைத்துவிட்டு எழுந்தான். இதுவரை கேட்ட எல்லாருமே அப்படித்தான் எழுந்தார்கள். ஒருத்தன்கூட மறுக்கவில்லை என்பதில் மைக்செட்டுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவனை அறைக்குள் விட்டதும் வராந்தாவில் போன் அடித்தது. தச்சனைப் பார்க்க ஆள் வந்திருப்பதாக வாசல் காவலர் சொன்னார். யார் என்றுகூட மைக்செட் கேட்கவில்லை. "அவனாத்தான் விருப்பப்பட்டுப் பேட்டிக்கு வந்திருக்கான். இப்ப வரமாட்டான்னு சொல்லிடு."

காவலர் இல்லாமல் பேட்டி கூடாது என்பது விதி. அவரும் உள்ளே போய் நின்றார்.

"நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இன்னிக்குத் தூங்கலாம்னு இருந்தேம்மா. எங்கம்மா வர்ற நாளு."

"அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?"

தச்சன் மைக்செட்டைப் பார்த்தான். "ஐயா கூப்பிட்டாரு."

மைக்செட் வாசலுக்கு ஓடினார். அந்த அம்மா போய்விட்டிருந்தாள்.

"அழுதுகிட்டே போச்சு," என்றார் வாசல் காவலர். "பெத்தவளப் பாக்க அவனுக்கு விருப்பமில்லபோலன்னு சொல்லிச்சு."

மைக்செட்டை வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்தபோது தச்சன் பட்டறைக்குப் போயிருந்தான். அந்தப் பெண் பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"இவர் சொன்னத நான் எடுத்துக்க முடியாது சார். மத்தவங்களும் இப்படித்தான் வந்தாங்களா?"

அவர் தலையாட்டினார்.

பிறகு பட்டறைக்குப் போய், வழக்கமில்லாத சின்னக் குரலில், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "என்னை மன்னிச்சிடுப்பா."

தச்சன் உடனே எழுந்து கைகட்டி நின்றான். கண் கலங்கியிருந்தது. "பரவாயில்லீங்கய்யா."

அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்காரு என்று சொல்ல மைக்செட்டுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அதற்கும் உட்காருவான்.