கோதுமை இல்லாத ஞாயிற்றுக்கிழமை

ஒருவர் ஆசையாகத் தட்டை நீட்டும்போது, "இதில் என்னவெல்லாம் போட்டிருக்கிறீர்கள்?" என்று அவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? எட்டு மாதங்களாக யோசிக்கிறேன். வத்தல்மலைக்குப் போய்வந்த பிறகும் எனக்கு விடை தெரியவில்லை.

என் மகள் இனியாவுக்கு நான்கரை வயது. அவளுக்குச் சீலியாக் நோய் இருப்பதாகச் சேலத்து டாக்டர் சொல்லி எட்டு மாதங்கள் ஆகின்றன. கோதுமையில் உள்ள ஒரு புரதம் அவள் குடலைப் புண்ணாக்குகிறது. மருந்து கிடையாது. ரவை, மைதா, சேமியா, பிஸ்கட் எதுவும் ஆகாது, துளிகூட ஆகாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சப்பாத்தி சுடுவதில்லை. இருந்தும் போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் அளவு சரியாகக் குறையவில்லை. "எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது, தேடிப் பாருங்கள்" என்றார் டாக்டர். தேடிப் பார்த்தேன். பற்பசையின் அட்டையைக்கூடப் படித்தேன். கிடைக்கவில்லை. நான்தான் எதையோ தவறாகச் செய்கிறேன் என்ற எண்ணம் சோறு வடிக்கும்போதும் கூடவே இருந்தது.

இதே நோயுள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வத்தல்மலையில் செல்வி என்பவர் வீட்டில் கூடி, கேழ்வரகு அரைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். "சும்மா வாங்க, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்று செல்வி அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான்கு முறை கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை 6.10. அரூர் பேருந்து நிலையம். தருமபுரிக்கு நாற்பது கிலோமீட்டர். எனக்கு 36 ரூபாய், இனியாவுக்கு டிக்கெட் இல்லை. பையில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில், வீட்டில் செய்த ரசம் சாதம், தனித் தட்டு, தனிக் கரண்டி. பக்கத்து இருக்கையில் தக்காளி நாற்றுத் தட்டுகளோடு ஓர் அம்மா. உட்கார்ந்ததும் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இனியாவிடம் நீட்டினார்.

"வேணாங்க, அவளுக்கு வயிறு சரியில்ல" என்றேன்.

"எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்குது" என்றாள் இனியா.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "குடுத்தா தின்னுட்டுப் போவுது. பிஸ்கட்டு என்னாங்க பண்ணப் போவுது? புள்ளைய இப்படிப் பட்டினி போட்டா ஒடம்பு எங்க ஏறும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். எட்டு மாதங்களில் எத்தனை பேரிடம் அந்த வயிற்றுப் பொய்யைச் சொல்லியிருப்பேன்!

8.30. தருமபுரியிலிருந்து மலைக்குப் போகும் பேருந்து. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கினோம். இருபதுக்கு மேல் இனியாவுக்கு எண்ணிக்கை தடுமாற, எனக்குத் தலை சுற்ற, இருவரும் விட்டுவிட்டோம். மேலே காற்று குளிர்ந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. அடியில் காப்பிச் செடி. சரிவுகளில் கேழ்வரகும் சாமையும். கண்ணுக்கு எட்டியவரை கோதுமை விளையாத ஊர். அதைப் பார்க்கவே எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

10.15. மலைமேல் பெரியூரில் ஒரு மாவு மில். செல்வி அக்கா வாசலிலேயே காத்திருந்தார். பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் வந்த இரண்டு அம்மாக்கள் சாக்குகளோடு நின்றிருந்தார்கள். மில்காரர் மாது இயந்திரத்தைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். ரேஷன் கோதுமையும் இதே இயந்திரத்தில்தான் அரைபடுகிறதாம். அதனால் சுத்தம் செய்த பிறகும் முதலில் ஓடும் இரண்டு கிலோ மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

"அத என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"கோழிக்குத்தாங்க" என்றார் மாது. "செல்வி வூட்டுக் கோழிங்களப் பாருங்க, நடக்க முடியாம உருளுது."

"உங்க கண்ணு எங்க கோழி மேலயே இருக்கட்டும்" என்றார் செல்வி அக்கா.

அரைவைக் கூலி கிலோவுக்கு எட்டு ரூபாய். கோழி தின்னும் இரண்டு கிலோவின் செலவை எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தச் சுத்தம் போதுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பாலக்கோட்டு அம்மா என் முகத்தைப் படித்துவிட்டார். "நாங்களும் டாக்டருகிட்ட கேட்டோம். வூட்டுக்குன்னு சின்ன மெஷின் வாங்கறதுதான் நல்லதுன்னாரு. அதுக்குத்தான் மூணு பேரும் சீட்டுக் கட்டறோம். நீயும் சேர்ந்துக்கம்மா." சந்தேகப்பட்டதற்காக ஒருவர் என்னைக் கோபிக்காதது அன்றுதான் முதல்முறை.

மதியம் 1.00. செல்வி அக்கா வீட்டில் சாப்பாடு. ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், அவரைக்காய்க் குழம்பு. செல்வி அக்காவின் மகள் கௌசல்யாவுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கும் சீலியாக். அவள் இனியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றக் கற்றுக்கொடுத்தாள். எட்டு மாதங்களில் என் மகள் வெளியே உண்ணும் முதல் சாப்பாடு. குழம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று வெறும் மரியாதைக்காகக் கேட்கவில்லை. அதோடு, ஒரு காப்பாக என் ரசம் சாதத்தையும் திறந்து, "கௌசிக்கும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றேன்.

கௌசல்யா தன் தட்டை நகர்த்திக்கொண்டாள். "இருங்கத்தை. ரசத்துல பெருங்காயம் போட்டீங்களா?"

"போட்டேன்மா."

"கட்டியா, தூளா?"

"தூள்தான்."

"பாக்கெட்டுக்குப் பின்னால படிச்சீங்களா?"

நான் படிக்காத அட்டையா? ஆனால் பெருங்காயம்? கடையிலிருந்து வந்ததுமே அதை வெட்டிப் பழைய டப்பாவில் கொட்டிவிடுவோம். உறை குப்பைக்குப் போய்விடும்.

"ஏ கௌசி, வந்தவங்கள இப்பிடியா கேப்ப?" என்று செல்வி அக்கா அதட்டினார்.

"நீதானம்மா கேக்கச் சொன்ன!"

எல்லோரும் சிரித்தார்கள். "ஊர்ல இவ பேரே இன்ஸ்பெக்டருங்க" என்றார் செல்வி அக்கா. "கல்யாணப் பந்தியில சமையக்காரரு இவளப் பாத்தா சட்டிய மூடறாரு. தூள் பெருங்காயத்துல மாவு கலப்பாங்கம்மா. பலதுல கோதுமை மாவு. எங்களுக்கே ஒரு வருசம் கழிச்சுத்தான் தெரியும். நாங்க அதையே வுட்டுட்டோம், பூண்டு தட்டிப் போடறோம்."

நான் ரசம் சாத டப்பாவை மூடினேன். கண் கலங்கியது. அவமானம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு மாதங்களாகத் தேடிய திருடன் தினமும் என் கையாலேயே ரசத்தில் விழுந்திருக்கலாம். அவன் பெயர் தெரிந்ததில் அவ்வளவு ஆறுதல். தவிர, அந்தச் சிறுமி கேட்டபோது எனக்குக் கோபமே வரவில்லை. அதை நான் கவனித்தேன்.

இனியா இரண்டாம் உருண்டை களி கேட்டாள்.

3.40. இறங்கும் பேருந்து. மடியில் நான்கு கிலோ கேழ்வரகு மாவு. தருமபுரியில் அரூர் வண்டி மாறியதும், முன் இருக்கை அக்கா திரும்பி இனியாவிடம் முறுக்கு நீட்டினார். நான் வயிற்றுப் பொய்யைத் தயார் செய்வதற்குள் இனியா கேட்டுவிட்டாள்: "இதுல கோதுமை இருக்குதா?"

"அரிசி முறுக்குடி கண்ணு!" என்று அவர் சிரித்தார்.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெருங்காயத்தைப் பற்றி நான்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. "வீட்டுல போய்ச் சாப்பிடுவாங்க" என்று வாங்கிப் பையில் வைத்தேன். இனியா அரூர் வரும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் மளிகைக் கடைக்குப் போய், நாங்கள் வாங்கும் அதே பெருங்காயத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இரண்டாவதாக இருந்தது: கோதுமை மாவு. அன்றிரவு பெருங்காய டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். அதுதான் காரணமா என்பது அடுத்த பரிசோதனையில் தெரியும். ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

இனி உங்களிடம் ஒன்று. வரும் புதன்கிழமை என் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. அவரே விடியற்காலையில் எழுந்து, தன் கையால் சாம்பாரும் ரசமும் வைக்கிறார். இனியாவை மடியில் வைத்து ஊட்டுவதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் கேட்காவிட்டால் பந்தியில் இனியாவே கேட்டுவிடுவாள், பாதிதான் கேட்பாள். மீதியை நான் கேட்டாக வேண்டும். கௌசல்யா கேட்டது எனக்கு வலிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் இருவர் வீட்டிலும் ஒரே நோய். அது இல்லாத வீட்டில் எந்தச் சொல்லில் தொடங்குவது? போனிலா, நேரிலா? முன்னாலா, அடுப்படியில் உதவும் சாக்கிலா? கேட்டுப் பழகியவர்கள் புதன்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.