கேள்வித்தாளில் இல்லாத கம்பி

யார் என்ன கேட்டாலும் அத்தை உடனே பதில் சொல்லமாட்டாள். பக்கத்தில் நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். எத்தனை நாளாக வலி என்று மருத்துவர் கேட்டால் என்னைப் பார்ப்பாள். வங்கியில் பெயர் கேட்டபோதுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எட்டு வயதில் அவள் வீட்டுக்கு வளர வந்த நாளிலிருந்து அவளுக்காகப் பதில் சொல்லிப் பழகியவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பழக்கம் அவளுடையதா, நான் ஏற்படுத்தியதா என்று அப்போது யோசித்ததில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஈரவிரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து, சூடான இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். மறுபக்கம் அது காய்ந்து தட்டையாக வரும். காலை ஆறு மணியிலிருந்து மூன்று மணிவரை நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்ததும் வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தக் கால்கள் நின்றதால் நான் படித்தேன்.

அந்த வருடம் மாதிரி நீதிமன்றத்தில் சாட்சியை நன்றாக விசாரிக்கும் ஒருவருக்கு, மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் பயிற்சியிடம் கிடைக்கும் என்றார்கள். ஒரே ஒரு இடம். மற்றவர்களுக்கு மாமா வக்கீல், சித்தப்பா நீதிபதி. எனக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்: சாட்சி கல்லூரிக்கு வெளியிலிருந்து வரவேண்டும். சட்டம் படித்தவனைச் சாட்சியாக நிறுத்தினால் அவனே வாதாடத் தொடங்கிவிடுகிறான் என்பது அவருடைய புகார். நான் அத்தையைக் கேட்டேன். அரை நாள் விடுப்பு போட ஒப்புக்கொண்டாள்.

வழக்கு சின்னதுதான். பேருந்துக் கதவு மூடுவதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். ஒரு பயணி விழுந்து கால் முறிந்தது. அத்தை, உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்தவள். நம் தரப்புச் சாட்சியிடம் கேட்கும்போது, கேள்விக்குள் பதிலை வைக்கக்கூடாது. "கதவு திறந்திருந்தது அல்லவா?" என்று கேட்டால் மதிப்பெண் போய்விடும். "கதவு எப்படி இருந்தது?" என்றுதான் கேட்கவேண்டும். பதிலைச் சாட்சியே கொண்டுவர வேண்டும்.

பதினோரு கேள்வி எழுதினேன். வெந்நீர் ஆறும்வரை தினமும் ஒத்திகை.

"நான் எதுக்கு அந்த பஸ்ல போனேன்?" என்றாள் முதல் நாள்.

"உன் தங்கச்சி வீட்டுக்கு."

"எனக்கு ஏதுடி தங்கச்சி?"

"கேஸ்ல இருக்கா அத்தை."

"இவ்வளவு நாள் எங்க இருந்தாளாம்? ஒரு வேளை எனக்குச் சோறாக்கிப் போட வந்தாளா?"

சிரித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவாள். எழுப்பி அடுத்த கேள்வியைக் கேட்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். சரியான பதில் வரும்வரை என் புருவம் சுருங்கியே இருக்கும். ஒருநாள் புருவத்தைப் பார்க்கக்கூடாதென்று கண்ணைக் கட்டிவிட்டேன். அப்படியே தூங்கிப்போனாள். கடைசியில் பதில்களை வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தேன். அது ஏமாற்று என்று தெரியும். நேரமில்லை, அவளுக்குத் தெம்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று அத்தை வெளுத்த பச்சைப் புடவையில் வந்து கூண்டில் ஏறினாள். நீதிபதி நாற்காலியில் பேராசிரியர். எதிர்த்தரப்பில் எங்கள் வகுப்பு ரேடியோ. பேச ஆரம்பித்தால் யாராவது நிறுத்தினால்தான் உண்டு என்பதால் அந்தப் பெயர். நான் அவளை "நீங்க" என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். மூன்று கேள்விகள் நன்றாகப் போயின. பதற்றத்தில் நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதைக் கேட்டேன்.

"கதவு எப்படி இருந்தது?"

"ஜன்னலோரம், மூணாவது வரிசை," என்றாள் அத்தை.

"பேருந்து எப்போது கிளம்பியது?"

"திறந்திருந்துச்சு."

அறை சிரித்தது. ரேடியோ மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அத்தை என் முகத்தைப் பார்த்தாள். அதில் பதில் ஏதும் இருந்திருக்காது. எனக்கே அடுத்து என்னவென்று தெரியவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல், "அன்றைக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள்? உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்," என்றேன்.

அவள் என்னைப் பார்ப்பதை விட்டாள். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

"தடுப்புக் கம்பியைக் கழட்டி வச்சிருந்தாங்க," என்றாள். "வேலை சீக்கிரம் ஆகணும்னு. நான் இந்த முனை, அவ அந்த முனை. அவ பேசிக்கிட்டெல்லாம் இல்ல."

பேருந்தில் ஏது தடுப்புக் கம்பி? ரேடியோ எழுந்து நின்றான். வழக்குக் குறிப்பில் இல்லாததைச் சாட்சி சொன்னால் மதிப்பெண் எனக்குத்தான் குறையும். அது சலவைக்கூடம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் சொன்னேன்: "போதும். அந்தப் பேருந்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்."

அத்தை திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கதவு திறந்திருந்தது, வண்டி கிளம்பிவிட்டது, அவர் விழுந்தார் என்று வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

தடம் மாறிய சாட்சியை மீட்டுக் கொண்டுவந்த விதம் நன்று என்று பேராசிரியர் எழுதினார். பயிற்சியிடம் எனக்குக் கிடைத்தது.

திரும்பும் வழியில் பேருந்தில் கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. மறுமுனையில் நின்றவள் நெட்டை. உயரத்தால் வந்த பெயர். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி இல்லாததால், விரிப்போடு அவளுடைய இடது கையும் உருளைக்குள் போனது. மூன்று விரல்கள் இல்லை. பேச்சுக் கவனத்தில் இருந்தாள் என்று சூப்பர்வைசர் எழுதி, பார்த்தவள் என்ற இடத்தில் அத்தையிடம் கையெழுத்து வாங்கினார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டதாக அத்தையே சொன்னாள்.

"ஒரு தடவை லேபர் ஆபீசுக்கு வந்து உண்மையைச் சொல்லுக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. சொல்றேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"எப்போ சொல்லப்போற?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் அவளுக்கு வேலை போகும். எனக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. கேள்விக்குள் பதிலை வைக்காமல் கேட்டதற்கு அன்றுதான் மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் பிடரியிலிருந்து அவள் என்ன பதிலை எடுத்துக்கொண்டாளோ. அதன்பின் அந்தப் பேச்சே எழவில்லை.

நான் படிப்பை முடித்த ஆறாவது மாதம் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியது. ஒன்பது நாள் அதே மருத்துவமனையில் கிடந்தாள். இப்போதெல்லாம் விரிப்பின் ஓரத்தை ஒழுங்காக விடுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். பத்தாவது நாள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நெட்டை வந்தாள். நிலைப்படியில் குனிந்து நுழைந்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. தொழிலாளர் அலுவலகத்தில் அவளுடைய நஷ்டஈட்டு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறதாம். அத்தை ஏதாவது எழுதிவைத்தாளா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"உன்கிட்டயாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப நீயே வந்து சொல்லலாமே பாப்பா. வக்கீலாச்சே."

நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். பார்த்தவர் சொன்னால்தான் எடுபடும் என்று அவளுக்கு விளக்கினேன். தெளிவாகத்தான் விளக்கினேன். முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன்னு சொல்லியிருந்தாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் அந்த மனுவின் கோப்பைப் பிறகு போய்ப் பார்த்தேன். சூப்பர்வைசரின் நான்கு வரிகளும் அவற்றின் கீழ் அத்தையின் கோணல் கையெழுத்தும் இருக்கின்றன. கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள் என்பது எந்தத் தாளிலும் ஏறவில்லை.