ரெண்டு பை ஆட்டம்

யூஜின் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன். பெங்களூர் கன்டோன்மென்ட்டில் அவன் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவன் மணியடித்துக்கொண்டு மார்க்கெட் முனையில் வண்டியைத் திருப்பும் வேகம் தெரியும். குள்ளமான ஆள், அகலமான தோள். நடையே பாதி ஓட்டமாக இருக்கும். சோற்றையும் அப்படித்தான் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் அவன் முழங்கால் தானாக ஆட ஆரம்பிக்கும். பக்கத்துப் பெண்கள் வரிசையிலிருந்து அவன் மனைவி அல்போன்சா ஒரு பார்வை பார்ப்பாள். முழங்கால் நிற்கும். பிறகு மறுபடியும் ஆடும்.

அந்த வேகத்துக்கு ஏற்ற விளையாட்டும் அவனுக்கு வாய்த்திருந்தது. நாற்பத்தேழில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைவிட்டுப் போனபோது அவர்களுடைய மெஸ்ஸில் கிடந்த பில்லியர்ட்ஸ் மேசை ஏலத்துக்கு வந்தது. கோயில் பங்கு மன்றத்து ஆண்கள் சேர்ந்து அதை எடுத்தார்கள். பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது பலகை அல்ல, கல் என்பது தூக்கும்போதுதான் தெரிந்தது. எப்படியோ லாரியில் ஏற்றி, கோயிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அங்கே ஆடிய ஆட்டம் எளிதானது. கோலால் வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும். அது போய்ச் சிவப்புப் பந்துகளில் ஒன்றில் மோதி, அந்தச் சிவப்புப் பந்து மேசையின் ஆறு பைகளில் ஏதாவது ஒன்றில் விழ வேண்டும். விழுந்தால் மறுபடியும் அடிக்கலாம். யூஜின் குனிந்ததும் தெரியாது, அடித்ததும் தெரியாது. சிவப்புப் பந்துகள் நாலு பக்கமும் சிதறிப் பையில் போய்ச் சடசடவென்று விழும். எதிரே நிற்கிறவர் கோலின் நுனிக்குச் சாக்குக்கட்டி தேய்த்து முடிப்பதற்குள் ஆட்டம் தீர்ந்துவிடும். அவன் அடிப்பதைப் பார்க்கவே சனிக்கிழமை மாலைகளில் ஹாலுக்கு ஆட்கள் வந்தார்கள்.

பட்டாளம் போன ஆறாவது வருஷம், மழைக்காலம். யூஜின் அடித்த ஒரு சிவப்பு, மக்கிப்போன வலைப்பையைக் கிழித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. ஏலத்தில் வந்த பதினைந்தில் இதுவரை அப்படி உடைந்தவை போகப் பதினொரு சிவப்புகள்தான் மிச்சம். மன்றத்தின் செயலாளர் டென்சில் பிளந்த இரண்டு துண்டுகளையும் பொறுக்கி எடுத்துப் பொருத்திப் பார்த்தார்.

"போதும் மேன். இன்னொரு பந்து போச்சுன்னா நாம கோலிக்குண்டு வெச்சித்தான் ஆடணும். புது வலை வர்ற வரைக்கும் மேசையைத் தொடக் கூடாது."

புது வலை கல்கத்தாவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதற்குள் டென்சிலுக்கே வேறொரு யோசனை வந்தது. கோயில் பீடத்து விரிப்புகளுக்கெல்லாம் லேஸ் பின்னிக் கொடுப்பவள் அல்போன்சா. அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் கிழிந்த வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கெட்டி நூலு வாங்கிக் கொடுங்கண்ணே, பின்னித் தர்றேன். ஆனா கையில கல்யாணப் பொண்ணுங்க முக்காடு ரெண்டு இருக்குது. ஆறையும் ஒரே மூச்சுல கேக்காதீங்க."

முதலில் இரண்டு வலைகள் வந்தன. வாசற்பக்கத்து இரண்டு மூலைகளிலும் டென்சில் அவற்றைக் கட்டினார். மற்ற நான்கும் வரட்டும் என்றார். யூஜினுக்கு அது தாங்கவில்லை.

"ரெண்டு பை இருக்குதில்லண்ணே? எனக்கு ஒண்ணு, எதிராளிக்கு ஒண்ணு. மீதி நாலையும் கோணியச் சுருட்டி அடைச்சிடலாம். என் பையில விழுந்தா என் கணக்கு, அவன் பையில விழுந்தா அவன் கணக்கு. யாரு தட்டி விட்டாலும் சரி. பதினொண்ணுல ஆறு முதல்ல போட்டவன் ஜெயிச்சான்."

டென்சில் அதில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை. சரி என்றார்.

பொறுக்க முடியாத ஒருவன் அவசரத்தில் கண்டுபிடித்த அந்த ஆட்டம்தான் பெங்களூரிலேயே மெதுவான ஆட்டமாகப் போய் முடிந்தது. முதல் அடியை யூஜின் வழக்கம்போல இடியாக இறக்கினான். பந்துகள் மேசை முழுக்க ஓடின. ஓடிப்போய் ஒளிவதற்கு நாலு பை இல்லை. அடைத்த கோணியில் முட்டித் திரும்பி வந்தன. எல்லாம் அடங்கியபோது எதிராளியின் பை வாசலில் மூன்று சிவப்புகள் வரிசையாக நின்றன, யாராவது தொட்டால் போதும் என்பதுபோல. அன்று மாலை அவன் யார் யாரிடமெல்லாமோ தோற்றான்.

வைத்தீஸ்வரனிடம் தோற்றதுதான் அவனை அதிகம் உறுத்தியது. வைத்தீஸ்வரன் அரசாங்க ஆபீசில் டென்சிலுக்குப் பக்கத்து மேசைக்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட குடும்பம். சனிக்கிழமைகளில் மூடிய கோட்டோடு சைக்கிளில் வருவார். ஆறு பை ஆட்டத்தில் அவருக்குக் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைதான் இருந்தது. இரண்டு பை ஆட்டத்தில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவர் பந்தை அடிப்பதாகவே தெரியாது. ஒரு சிவப்பை மெல்ல நகர்த்துவார். தன் பைக்குப் பக்கத்தில்கூட அது போகாது. ஆனால் வெள்ளைப் பந்து ஊர்ந்து போய் ஏதாவது இரண்டு சிவப்புகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். அங்கிருந்து யூஜினின் பைக்கு வழியே இருக்காது.

"என்னா சார், முட்டை மேல முட்டை அடுக்கற மாதிரி இருக்குது. அடிங்க சார்," என்றான் யூஜின்.

"ஸ்வல்ப இருங்கோ. நீங்க எங்கேர்ந்து அடிக்கப் போறேள்னு நான் முதல்ல முடிவு பண்ண வேண்டாமா?"

"நான் எங்கேர்ந்து அடிப்பேன்னு நீங்க ஏன் சார் முடிவு பண்றீங்க?"

"அதானே ஆட்டம்," என்றார் வைத்தீஸ்வரன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யூஜின் திட்டிக்கொண்டே போனான். தூங்கறவங்க ஆடற ஆட்டம், பென்ஷன் வாங்கினவங்க ஆடற ஆட்டம் என்றான். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் கட்டில்மேல் விரிப்பை இழுத்துவிட்டு, சமையலறையிலிருந்து சின்ன வெங்காயத்தைக் கைநிறைய அள்ளிவந்து பரப்பினான். ஒரு பூண்டு வெள்ளைப் பந்து. உட்கார்ந்து நகர்த்திக்கொண்டே இருந்தான். அல்போன்சா முறத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"சாம்பாருக்கு வெங்காயம் வேணும்."

"இரு. இந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டேன்."

அவள் சற்று நேரம் பார்த்தாள். வலைக்கு அளவு எடுக்க வேண்டும் என்று சனிக்கிழமைகளில் அவளும் ஹாலுக்கு வந்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள்தான்.

"நீங்க அடிச்சிட்டு சிவப்பைப் பாக்கிறீங்க," என்றாள். "விழுந்துச்சா இல்லையான்னு. அவரு அடிச்சிட்டு வெள்ளையைப் பாக்கிறாரு. அது போயி நிக்கிற வரைக்கும் மூச்சுகூட விடறதில்ல."

"நீ வலை பின்றியா, ஆட்டம் பாக்கறியா?"

"கைக்குத்தான் வேலை. கண்ணு சும்மாதானே இருக்குது," என்று சொல்லி, ஆட்டத்தை அப்படியே முறத்தில் வழித்துக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யூஜினும் வைத்தீஸ்வரனும் ஆடினார்கள். யூஜின் மூன்று போட்டிருந்தான், அவர் நான்கு. யூஜினின் முறை. தூரத்தில் ஒரு சிவப்பு, அவனுடைய பைக்கு நேர்கோட்டில் நின்றது. பார்த்தாலே கை துறுதுறுக்கும்படியான பந்து.

"அடி மேன்," என்றார் டென்சில். பெஞ்சிலிருந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

யூஜின் குனிந்தான். கோலைப் பின்னால் இழுத்தான். அப்போதுதான் வெள்ளையைப் பார்த்தான். சிவப்பு விழாமல் போனால் இது எங்கே போய் நிற்கும்? அவர் பையின் வாசலில். அங்கிருந்து, ஜெயிக்க அவருக்கு வேண்டிய இரண்டு சிவப்பும் கைக்கெட்டும் தூரம். அவன் நிமிர்ந்தான். நிமிர்ந்து, கோலைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தான். அவன் அந்த மேசையைச் சுற்றி நடந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மறுபடி குனிந்து, வேறொரு பக்கம் பார்த்து, தூங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிறவன்போல வெள்ளையைத் தொட்டான். அது மெல்ல உருண்டது. ஒட்டி நின்ற இரண்டு சிவப்புகளில் ஒன்றை லேசாக உரசிக்கொண்டு அவற்றின் பின்னால் போய், மேசை விளிம்பில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. என்ன நடந்தது என்றே பலருக்குப் புரியவில்லை. வைத்தீஸ்வரன் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் முதலில் நின்ற இடத்துக்கே வந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கும் சிரிப்பு.

"யூஜின், இத்தனை நாளா நீங்க பேசிண்டே இருந்தேள், நான் கேட்டுண்டே இருந்தேன். இன்னிக்குத்தான் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கேள்."

யூஜினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் எத்தனையோ பந்துகளைப் பையில் போட்டிருக்கிறான். அந்தச் சத்தம் கேட்ட மறுகணமே அந்தச் சந்தோஷம் தீர்ந்துபோகும், அடுத்த பந்து வேண்டும். இப்போது பந்து எதுவும் விழவில்லை. ஒரு மனுஷர் அவன் வைத்த இடத்தில் வந்து நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் யோசிக்க யோசிக்க அவனுக்குள் ஏதோ இனித்துக்கொண்டே போனது. அவர் எந்த வழியைத் தேடுகிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. அது அடைபட்டிருப்பதும் தெரிந்தது. அவர் வேறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டான்.

அவர் கண்டுபிடித்தார். வெள்ளையை விளிம்பில் தட்டித் திருப்பி, அதைவிட மோசமான ஒரு மூலையில் அவனுக்கு வைத்தார். அவன் அதற்குப் பதில் வைத்தான். இப்படியே போனது. மழை நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. முதலில் கொட்டாவி விட்டவர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து மேசையோரம் வந்துவிட்டார்கள். இப்படி வைக்கலாம், அப்படி வைத்தால் அவர் இதைச் செய்வார் என்று அவர்களுக்குள்ளேயே ரகசியமாகச் சண்டை நடந்தது. கடைசியில் வைத்தீஸ்வரன்தான் ஜெயித்தார். யூஜின் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். தோற்ற வருத்தம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை.

"இன்னொண்ணு ஆடலாமா சார்?" என்றான்.

அதன்பின் சனிக்கிழமைகள் அவர்களுடையவை. தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்கக் காத்திருக்கும் பொழுதுகள் முன்பெல்லாம் அவனைப் படுத்தி எடுக்கும். இப்போது தரையில் சோடா மூடிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூட வேலை செய்கிறவர்களும் குந்தி உட்கார்ந்து யோசனை சொன்னார்கள். மணி அடித்தால் முதலில் எழுகிறவன் அவன்தான், அதில் மாற்றமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அல்போன்சா மிச்ச நான்கு வலைகளையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். டென்சில் மகிழ்ந்துபோய் அன்றே கட்டினார். கோணியை உருவி எறிந்தார். எல்லாரும் பழைய ஆட்டம் ஆடச் சொல்லி யூஜினைக் கூப்பிட்டார்கள். அவன் கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. அடித்தான். ஆறு பைகளிலும் மாறி மாறி விழுந்தன. ஹால் அதிரக் கைதட்டினார்கள். வைத்தீஸ்வரன் கோட்டையே கழற்றவில்லை.

வலையைப் பார்க்க வந்து நின்றிருந்த அல்போன்சா, "அவ்வளவுதானா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். யூஜின் காலியான மேசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"டென்சில் அண்ணே, அந்தக் கோணிய எங்க போட்டீங்க?"

"பைத்தியமா மேன்? உன் வீட்டம்மா கஷ்டப்பட்டுப் பின்னிக் கொடுத்தத அடைக்கிறதா?"

"அடைங்கண்ணே," என்றாள் அல்போன்சா. "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நானே ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கணும்னு இருக்கேன்."

பெண்கள் அந்த மேசையில் ஆடியதில்லை. ஆடக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. எல்லாரும் டென்சிலைப் பார்த்தார்கள். டென்சில் வைத்தீஸ்வரனைப் பார்த்தார். வைத்தீஸ்வரன் தன் கோலை எடுத்து, நுனிக்குச் சாக்குக்கட்டி தேய்த்து, அல்போன்சாவிடம் நீட்டினார்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கணவனை எதிர்த்து ஆடினாள். கோல் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை வெள்ளையையே பையில் போட்டாள். மூன்றாவது தடவை கோல் சறுக்கிப் பந்தைத் தொடவே இல்லை. ஆனால் எங்கே வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மாதக்கணக்காகப் பெஞ்சிலிருந்து பார்த்தவள். ஆட்டத்தின் நடுவில் ஒரு தடவை பந்து அவள் நினைத்த இடத்துக்கே போனது. மூன்று சிவப்புகளுக்குப் பின்னால், மூலையில், அசையாமல். யூஜின் குனிந்து பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். தரையில் மண்டியிட்டு மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்தும் பார்த்தான்.

"வீட்டுக்குப் போவோம், வா," என்றான்.

ஹாலில் எழுந்த சிரிப்பு சாமியார் வீடு வரை கேட்டதாம்.

அந்த ஆட்டத்தில் அவன்தான் ஜெயித்தான். அடுத்த வருஷத்துக்குள் அவள் அவனை ஜெயிக்கவும் ஆரம்பித்தாள். ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு பை, சனிக்கிழமை ரெண்டு பை என்று மன்றத்தில் ஏற்பாடானது. அறுபதுகளில் யூஜினுக்குப் பதவி உயர்ந்து வண்டி ஓட்டும் வேலை போய் மேற்பார்வை வேலை வந்தது. வைத்தீஸ்வரன் ஓய்வு பெற்றார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவர் மத்தியானமே வந்துவிடுவார். அவர் தன் பந்தை யோசித்து வைப்பதற்குள் அல்போன்சா வீட்டுக்குப் போய் மூவருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்துவிடுவாள். யூஜின் அதுவரை பெஞ்சில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.